சப்டைட்டில் கொடுமை, க்விஸ் அதைவிடக் கொடுமை, ஆனாலும் ரூசோ வாரத்துக்காக இந்தக் கோர்ஸை மன்னிச்சுட்டேன்

"நவீன ஜனநாயகத்தை உருவாக்கிய தத்துவ மேதைகள்"னு விளம்பரத்துல பெருசா போட்டிருந்தாங்க, அதை நம்பித்தான் காசு கட்டினேன். ஆன்லைன் வீடியோ கோர்ஸ், எட்டு வாரம், வாரத்துக்கு மூணு லெக்சர், ஒவ்வொரு வாரக் கடைசியிலயும் ஒரு க்விஸ், எல்லாம் முடிச்சா ஒரு சர்டிபிகேட். கம்பெனி பேரைச் சொல்லலை, ஏன்னா பாதி ரிவ்யூ திட்டுறதாத்தான் இருக்கும், அப்புறம் எதுக்கு வம்பு. பாடம் நடத்துற மேடம் மேல மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். மத்த சமாச்சாரம் எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டு, அதுவும் வீடியோ திக்காம ஓடுச்சுங்கறதுக்காக.

என் பெரிய குறை என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். இந்த மேதைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஜனநாயகம்னாலே ஆகாது. மேடமே லெக்சர்ல இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்றாங்க, ஆனா கோர்ஸுக்கு விளம்பரம் எழுதினவங்களும் க்விஸ் தயார் பண்ணவங்களும் ஒரு லெக்சரைக்கூட உக்காந்து பாத்த மாதிரி தெரியலை.

முதல் வாரம் இங்கிலாந்துத் தத்துவவாதி ஹாப்ஸ். சுருக்கமா நல்லாவே போகுது. 1649ல இங்கிலாந்துல ராஜா முதலாம் சார்லஸ் தலையை வெட்டிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 1651ல ஹாப்ஸ் லெவியாத்தான்ங்கற புத்தகத்தை எழுதறாரு, ஆட்சின்னு ஒண்ணு இல்லைன்னா ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டு சாவோம், அதனால எல்லாரும் ஒப்பந்தம் போட்டு மொத்த அதிகாரத்தையும் ஒரு இடத்துல குடுத்துடுங்கன்னு. கேக்க சர்வாதிகாரம் மாதிரிதான் இருக்கும், ஆனா மேடம் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்றாங்க: ராஜாவோட அதிகாரம் கடவுள் குடுத்ததுன்னு அவர் ஆரம்பிக்கலை, ஜனங்க ஒத்துக்கிட்டதால வந்ததுன்னு ஆரம்பிக்கறாரு. மாடியில ராஜாவையே உக்கார வச்சுட்டு கீழ அஸ்திவாரத்தை மட்டும் மாத்திட்டாரு மனுஷன். அந்தக் காலத்து ராஜ விசுவாசிங்களுக்கே அவர் மேல சந்தேகம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமாம்.

ரெண்டாவது வாரம் இன்னொரு இங்கிலாந்துத் தத்துவவாதி ஜான் லாக், இங்கதான் சப்டைட்டில் தன் வேலையைக் காட்ட ஆரம்பிச்சது. தமிழ் சப்டைட்டில் இருக்குன்னு விளம்பரத்துல சொன்னதும் நான் வாங்கினதுக்கு ஒரு காரணம், பாத்தா மெஷின் போட்ட சப்டைட்டில். லாக்னு வர்ற இடமெல்லாம் "பூட்டு". "பூட்டு 1632ல் பிறந்தது", "பூட்டு ஹாலந்துக்குத் தப்பி ஓடியது". முதல் அஞ்சு நிமிஷம் சிரிச்சேன், அப்புறம் எரிச்சல், வாரக் கடைசியில எனக்கே அவரைப் பூட்டுன்னு கூப்பிட்டாத்தான் பொருத்தமா இருக்குன்னு தோண ஆரம்பிச்சது, ஏன்னா அந்த ஆள் செஞ்ச வேலையே அதிகாரத்துக்குப் பூட்டு மாட்டினதுதானே.

இந்த வாரம் பாடம் உண்மையிலேயே நல்லா இருக்கு. ராபர்ட் ஃபில்மர்னு ஒருத்தர், கடவுள் ஆதாமுக்கு உலகத்தைக் குடுத்தாரு, அந்த அப்பன் அதிகாரம் வழிவழியா ராஜாக்களுக்கு வந்துச்சுன்னு எழுதி வச்சிருந்தாரு, அவர் செத்து பல வருஷம் கழிச்சு 1680ல அது புத்தகமா வருது. ஆட்சியைப் பத்தி லாக் எழுதின ரெண்டு கட்டுரையில முதல் கட்டுரை முழுக்க இந்த ஆளுக்குப் பதில்தான், இன்னைக்கு அதை யாரும் படிக்கறதில்ல, ரெண்டாவதைத்தான் படிக்கறாங்க. அதுல என்ன சொல்றாருன்னா, ஆட்சிங்கறது ஜனங்க நம்பி ஒப்படைச்ச பொறுப்பு, ஒப்படைச்ச நம்பிக்கையை ஆளறவன் உடைச்சா அதிகாரம் ஜனங்க கைக்கே திரும்பி வந்துடும். இங்கிலாந்துல ராஜா ரெண்டாம் ஜேம்ஸைத் துரத்தின 1688 புரட்சிக்கு நியாயம் சொல்ல எழுதினதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க, ஆனா பெரும்பகுதியை அதுக்குச் சில வருஷம் முன்னாடியே எழுதிட்டாரு, அதாவது எழுதினது வெளிய தெரிஞ்சிருந்தா தலை போயிருக்கற நேரம். அச்சுல வந்தது 1689 கடைசியில, அதுவும் பேர் போடாம. புரட்சி ஜெயிச்சு புது ராஜா உக்காந்த பின்னாடியும் அந்த மனுஷன் இதை எழுதினது நான்தான்னு ஒத்துக்கலை, உயில்லதான் ஒத்துக்கிட்டாரு. அவ்வளவு பயம்.

மேடம் இதோட விட்டுடாம இன்னொரு பக்கத்தையும் காட்டறாங்க, அதுக்காகவே இந்த வாரத்தை ரெண்டு தடவை பாக்கலாம். மனுஷன் பிறவியிலேயே சுதந்திரமானவன்னு எழுதின இதே லாக், அடிமை வியாபாரம் பண்ண ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில பணம் போட்டவர். அமெரிக்காவுல இருந்த கரோலினா காலனியோட முதலாளிங்களுக்குச் செயலாளரா இருந்தவர், 1669ல அந்தக் காலனிக்கு எழுதின சாசனத்துல அடிமை மேல எஜமானுக்கு முழு அதிகாரம்னு ஒரு வரி இருக்கு. அதை எழுதினதுல லாக்கோட பங்கு எவ்வளவுங்கறதுல அறிஞர்களுக்குள்ள சண்டை இருக்கு, ஆனா அந்தப் பேப்பர் அவர் கை வழியா போச்சுங்கறதுல சண்டை இல்ல. மேடம் இதைச் சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுல 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வைக்கறாங்க. உயிர், சுதந்திரம், உடைமைன்னு லாக் அடுக்கின இடத்துல இவங்க உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடுதல்னு அடுக்கறாங்க. கொடுமை மேல கொடுமையா நீளமா தொடர்ந்தா ஜனங்க எழுந்திருப்பாங்கன்னு லாக் எழுதின சொற்றொடர் அப்படியே பிரகடனத்துலயும் இருக்கு. எழுதின ஜெஃபர்சன் வீட்டுலயும் அடிமைகள் இருந்தாங்கன்னு ஒரே வரியில சொல்லி வீடியோவை முடிக்கறாங்க, பேக்ரவுண்டு மியூசிக்கூட இல்ல. ஸ்கிரீன் கருப்பா போச்சு, நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

மூணாவது வாரம் மான்டெஸ்க்யூ. பிரெஞ்சு பிரபு, போர்டோ நகர நீதிமன்றத்துல பெரிய பதவி, பெரியப்பாகிட்ட இருந்து வாரிசா வந்த பதவி, ஏன்னா அப்ப பிரான்ஸ்ல நீதிபதி பதவி சொத்து மாதிரி, வாங்கலாம் விக்கலாம். இவரும் 1726ல வித்துட்டாரு. சட்டம் பண்றது, நடத்தறது, தீர்ப்பு சொல்றது மூணும் ஒரே கையில இருக்கக்கூடாதுன்னு உலகத்துக்கே பாடம் எடுத்தவர் தன் நீதிபதி நாற்காலியை வித்தவர்ங்கறதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது, மேடம் சிரிக்கலை, அவங்க காரணம் சொல்றாங்க: பதவியை ராஜா குடுக்கலை, காசு குடுத்து வாங்கினது, அதனால ராஜாவால சுலபமா பிடுங்க முடியாது, அந்தக் கேவலமான முறையிலயும் ஒரு சுயேச்சை இருந்துச்சுன்னு மான்டெஸ்க்யூவே நியாயம் சொன்னாராம். இதை நான் யோசிச்சதே இல்ல.

1748ல ஜெனீவாவுல வந்த சட்டங்களின் ஆன்மா புத்தகத்தைத்தான் இந்த வாரம் முழுக்க அலசறாங்க. அதிகாரம் கைக்கு வந்தவன் எவனா இருந்தாலும் எல்லை தட்டுற வரைக்கும் போய்ப் பாப்பான், அதனால அதிகாரத்தை அதிகாரமே தடுக்கற மாதிரி ஏற்பாடு வேணும்ங்கறது இதுல வர்றதுதான். அதுக்கு உதாரணமா இங்கிலாந்தைக் காட்டினாரு. கூத்து என்னன்னா இங்கிலாந்து அப்படி இல்லவே இல்ல, மந்திரிங்க பார்லிமென்ட்லயே உக்காந்திருந்தாங்க, மேல்சபைதான் உச்ச நீதிமன்ற வேலையையும் பாத்துச்சு. மனுஷன் கொஞ்சம் தப்பா பாத்துக் கோடு போட்டுட்டாரு, நாப்பது வருஷம் கழிச்சு அமெரிக்காவுல அந்தக் கோட்டை வச்சு நிஜமாவே வீடு கட்டிட்டாங்க.

அதுக்கப்புறம் வர்ற ஒரு அஞ்சு நிமிஷம்தான் எனக்கு இந்தக் கோர்ஸ்லயே பெரிய ஷாக். குலுக்கல் போட்டு ஆளைப் பிடிக்கறதுதான் ஜனநாயகத்தோட இயல்பு, தேர்தல் வச்சுப் பிடிக்கறது பிரபுத்துவத்தோட இயல்புன்னு மான்டெஸ்க்யூ எழுதியிருக்காரு. ஏதென்ஸ்ல அப்படித்தானே, பெரும்பாலான பதவிக்குக் குலுக்கல்தான். தேர்தல்னா நம்மள்ல ஒசத்தியான ஆளைத் தேடி எடுக்கறது, அப்ப அது எப்படி எல்லாரும் சமம்னு ஆகும்ங்கறது அந்தக் கால லாஜிக். ஓட்டு போடறதுதான் ஜனநாயகம்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு இது தலைகீழா இருந்துச்சு, பாஸ் பண்ணிட்டு எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். இதே புத்தகத்துல சூடான நாட்டு ஜனங்க கோழைங்க, ஆசியாவுக்குச் சர்வாதிகாரம்தான் பொருந்தும்னும் எழுதி வச்சிருக்காரு, அதையும் மேடம் மறைக்கலை. மறைச்சிருந்தா நான் இன்னும் ரெண்டு ஸ்டார் பிடுங்கியிருப்பேன்.

நாலாவது வாரம் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர், இதுல சரியான சொதப்பல், ஆனா மேடம் சொதப்பல் இல்ல. ஸ்லைடு டிசைன் பண்ணவங்க அட்டைப்படத்துலயே "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்"னு பெரிய எழுத்துல போட்டுக் கீழ வால்டேர்னு போட்டிருக்காங்க. அது வால்டேர் சொன்னதே இல்ல. அவரைப் பத்தி 1906ல ஒரு இங்கிலாந்து எழுத்தாளர் எழுதின புத்தகத்துல, அவரோட மனப்போக்கு இப்படித்தான்னு விளக்க அந்தம்மாவே எழுதின வாக்கியம். காசு வாங்கிட்டு நடத்தற கோர்ஸ்ல இதைக்கூட சரி பாக்கலைன்னா என்னத்தைச் சொல்றது.

பாடத்துல கலாஸ் வழக்குப் பகுதி மட்டும் கட்டாயம் பாருங்க. துலூஸ் நகரத்துல ஜான் கலாஸ்னு ஒரு புராட்டஸ்டன்ட் துணி வியாபாரி, மூத்த மகன் 1761ல வீட்டுலயே செத்துக் கிடக்கறான், மதம் மாறப் போறான்னு அப்பனே கொன்னுட்டான்னு ஊர்ல வதந்தி, 1762 மார்ச்ல சக்கரத்துல கட்டி எலும்பை உடைச்சுக் கொன்னுட்டாங்க. வால்டேர் மூணு வருஷம் விடாம கடிதமா எழுதி, ஆளைப் பிடிச்சு, காசு திரட்டி, 1765ல அந்தத் தீர்ப்பையே திருப்பி வாங்கினாரு. செத்தவன் வரலை, ஆனா ஒரு கோர்ட் தீர்ப்பைப் பொதுஜனத்து முன்னாடி இழுத்துட்டு வந்து கேள்வி கேக்கலாம்னு ஆச்சு. இவ்வளவும் செஞ்ச மனுஷனுக்குச் சாமானிய ஜனங்க ஆட்சி பண்றதுல துளியும் நம்பிக்கை இல்ல, நல்ல அறிவாளி ராஜா கிடைச்சாப் போதும்னு பிரஷ்யா ராஜா ஃப்ரெடரிக் அரண்மனையில போய் இருந்தாரு, 1750ல போனவர் 1753ல சண்டை போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு.

அஞ்சாவது வாரம் பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோவோட கலைக்களஞ்சியம். பதினேழு வால்யூம் எழுத்து, பதினொண்ணு வால்யூம் படம், ஒரே பட்டியல் வாசிப்பா போகுது, ஒன்றரை மடங்கு ஸ்பீடுல ஓட்டினேன். ஒரே ஒரு கதை மனசுல நின்னுச்சு, புத்தகத் தணிக்கைக்குப் பொறுப்பா இருந்த மாலெர்ப்ங்கற அதிகாரி, ரெய்டு வரப் போகுதுன்னு தானே முன்கூட்டி சொல்லி, காகிதத்தையெல்லாம் தன் வீட்டுலயே ஒளிச்சு வச்சுக்கிட்டாராம். தணிக்கை அதிகாரி வீட்டை யாரு சோதனை போடுவா?

ஆறாவது வாரம்தான் ரூசோ. சப்டைட்டிலும் இங்கதான் உச்சத்துக்குப் போச்சு. ரூசோவோட மையக் கருத்து பொது விருப்பம், ஆங்கிலத்துல ஜெனரல் வில். மெஷின் போட்ட தமிழ்: "தளபதியின் உயில்". "சட்டம் என்பது தளபதியின் உயிலின் வெளிப்பாடு." யார் அந்தத் தளபதி, எப்ப செத்தாரு, சொத்து யாருக்குப் போச்சுன்னு ஒண்ணும் புரியாம ஒரு ஆள் இந்த வாரத்தை முடிச்சிருந்தா அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

சப்டைட்டிலை விட்டுடுங்க, லெக்சர் அவ்வளவு அருமை. 1762ல சமூக ஒப்பந்தம் வருது, அதே வருஷம் கல்வியைப் பத்தி வந்த எமில் புத்தகத்துக்காக பாரிஸ்ல அவரைக் கைது பண்ண உத்தரவு, சொந்த ஊரான ஜெனீவாவுல ரெண்டு புத்தகத்தையும் கொளுத்தினாங்க. ஹாப்ஸ் அதிகாரத்தை ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்கறாரு, லாக் நம்பி ஒப்படைங்கறாரு, ரூசோ குடுக்கவே முடியாதுங்கறாரு. இறையாண்மை ஜனங்களோடது, அதை இன்னொருத்தன் பிரதிநிதியா தூக்கிட்டுப் போக முடியாது. இங்கிலாந்துக்காரன் தன்னைச் சுதந்திரமானவன்னு நினைச்சுக்கறான், பாவம், தேர்தல் நடக்கற நேரத்துல மட்டும்தான் அவன் சுதந்திரமானவன், ஆளைத் தேர்ந்தெடுத்து முடிச்ச உடனே அடிமைன்னு எழுதறாரு. மான்டெஸ்க்யூவுக்கு எந்த நாடு சுதந்திரத்தோட கண்ணாடியோ இவருக்கு அதே நாடு ஏமாளிங்க நாடு. சரி, இவராவது ஜனநாயகத்துக்கு ஆதரவுன்னு நிமிர்ந்து உக்காந்தேன், அதே புத்தகத்துல இன்னொரு அத்தியாயத்தை எடுத்து வைக்கறாங்க: தெய்வங்களால ஆன ஒரு ஜனக்கூட்டம் இருந்தா அது ஜனநாயகமா ஆட்சி பண்ணும், அவ்வளவு பூரணமான ஆட்சி மனுஷனுக்கு ஒத்துவராதுன்னு இவரே கை விரிக்கறாரு. சட்டத்தை எல்லாரும் சேர்ந்து போடணும், ஆனா தினப்படி நிர்வாகத்தையும் எல்லாருமே பண்றதுதான் அவர் ஜனநாயகம்னு சொல்றது, அதான் நடக்காதுங்கறாரு. பொது விருப்பத்துக்குக் கட்டுப்படாதவனைச் சுதந்திரமா இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம்னு ஒரு வரியும் இருக்கு, அதை எப்படிப் படிக்கணும்னு மேடம் பதினஞ்சு நிமிஷம் எடுத்துக்கறாங்க, பயந்துக்கிட்டே படிங்கன்னு கடைசியில சொல்றாங்க.

இந்த வாரக் கடைசி லெக்சர்ல 1789 ஆகஸ்ட் 26 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தை வரி வரியா பிரிக்கறாங்க. மொத்தம் பதினேழு பிரிவு. ஆறாவது பிரிவு, சட்டம்ங்கறது பொது விருப்பத்தோட வெளிப்பாடு, அது ரூசோ. பதினாறாவது, உரிமைக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே கிடையாது, அது மான்டெஸ்க்யூ. நேர்ல பாத்திருந்தா அடிச்சுக்கிட்டிருப்பாங்கன்னு தோணுற ரெண்டு கருத்தை ஒரே காகிதத்துல பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க, இன்னைக்கு ஒரு பார்லிமென்ட் பண்ற சட்டத்தை கோர்ட் ரத்து பண்ணும்போது வர்ற சண்டையெல்லாம் இந்த ஆறுக்கும் பதினாறுக்கும் நடுவுல நடக்கறதுதான். இது மேடம் சொல்லலை, நானா யோசிச்சது, தப்பா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க.

பெண்கள் விஷயம் இங்க வந்திருக்கணும். பெண்ணோட படிப்பு ஆணுக்குப் பிரியமா நடந்துக்கறதுக்குத்தான்னு ரூசோ எமில்ல எழுதினதைச் சொல்றாங்க, 1791ல பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதின ஒலிம்ப் த கூஜுக்கு மூணே நிமிஷம். தூக்கு மேடை ஏற உரிமை இருக்கறவளுக்குப் பேச்சு மேடை ஏறவும் உரிமை இருக்கணும்னு எழுதினவ, 1793 நவம்பர்ல கில்லட்டின்ல தலை போச்சு. பிரான்ஸ்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்தது 1944ல. மூணு நிமிஷம் போதுமா இதுக்கு?

ஏழாவது வாரம் அமெரிக்கா. ஒரு அதிகாரத்தை இன்னொரு அதிகாரம் தடுக்கற ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்துல சொல்ற "checks and balances" சப்டைட்டில்ல என்ன ஆகியிருக்கும்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க, ஆமா, "காசோலைகளும் மீதித்தொகைகளும்". அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கினதுல முக்கியமானவரான மேடிசன் காசோலையை நம்பினார்னு வருது. விஷயம் நல்லாத்தான் இருக்கு: 1787-88ல பப்ளியஸ்ங்கற புனைபேர்ல மூணு பேர் சேர்ந்து அந்தப் புது அரசியலமைப்பை ஆதரிச்சு எழுதின 85 கட்டுரை, மனுஷங்க தேவதைங்களா இருந்தா அரசாங்கமே வேண்டாம்னு மேடிசன் எழுதின கட்டுரையும் அதுலதான். அமெரிக்க அரசியலமைப்புல ஜனநாயகம்ங்கற வார்த்தை ஒரு இடத்துலகூட இல்ல. செனட்டரை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சதே 1913 திருத்தத்துக்கு அப்புறம்தான். மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதின்னு கணக்கு போடும்போது அடிமைகளை அஞ்சுல மூணு பங்கு ஆளா எண்ணினதைச் சரியா சொல்றாங்க. ஆனா இந்த உரிமைப் பேச்சையெல்லாம் நிஜம்னு எடுத்துக்கிட்டு அடிமைங்களே எழுந்து 1804ல தனி நாடு ஆன ஹெய்ட்டி எங்கன்னு தேடினா, "கூடுதல் வாசிப்பு"ன்னு ஒரு பிடிஎஃப். அதுவும் எனக்குத் திறக்கலை.

எட்டாவது வாரம் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், அவசர அவசரமா. யோசிக்கத் துணின்னாரு, ஜனநாயகம் சர்வாதிகாரமாத்தான் போகும்னாரு, குடியரசு வேற ஜனநாயகம் வேறன்னாரு, நன்றி வணக்கம்.

எனக்கு ஆத்தாமையே விட்டுப்போனவங்களை நினைச்சாத்தான். காண்டோர்செ இல்ல! கணக்குப் படிச்ச மனுஷன், 1785லயே ஓட்டுல ஒளிஞ்சிருக்கற ஓட்டையைக் கண்டுபிடிச்சவர். மூணு பேர் ஓட்டு போடறாங்கன்னு வைங்க, ஒருத்தருக்கு அ, ஆ, இ வரிசை, அடுத்தவருக்கு ஆ, இ, அ, மூணாமவருக்கு இ, அ, ஆ. எண்ணிப் பாருங்க, ஆவை விட அ மேல்னு ரெண்டு பேர், இயை விட ஆ மேல்னு ரெண்டு பேர், சரி அப்ப அ ஜெயிச்சுட்டாருன்னு பாத்தா அவரை விட இ மேல்னும் ரெண்டு பேர். பெரும்பான்மை வட்டமடிக்குது. 1790ல பெண்களுக்கும் குடியுரிமை குடுங்கன்னு பிரான்ஸ்ல எழுதினவரும் இவரே. பிரெஞ்சுப் புரட்சி அரசாங்கமே தேட, ஒளிஞ்சு திரிஞ்சு பிடிபட்டு 1794ல ஜெயில் அறையில செத்துக் கிடந்தாரு.

டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவும் இல்ல. எல்லாருக்கும் முன்னாடி 1670லயே, இருக்கற ஆட்சி முறையிலயே மனுஷ இயல்புக்கு ரொம்பப் பொருந்தறது ஜனநாயகம்தான்னு வெளிப்படையா எழுதினவர், ஆம்ஸ்டர்டாம்ல அச்சடிச்சுட்டு ஹாம்பர்க்னு பொய் ஊர் போட்டு வெளிய விட்ட புத்தகத்துல. கடைசியா எழுதின அரசியல் நூல்ல ராஜா ஆட்சியை முடிச்சு, பிரபுக்கள் ஆட்சியை முடிச்சு, ஜனநாயகம் அத்தியாயத்தை ஆரம்பிச்சு நாலு பக்கம்கூட ஓடலை, பெண்களுக்கும் வேலைக்காரங்களுக்கும் ஓட்டு கிடையாதுன்னு எழுதின இடத்தோட 1677ல செத்துட்டாரு. அப்படியே அரைகுறையா நிக்குது. இதைவிட நல்ல கடைசி லெக்சர் இந்தக் கோர்ஸுக்குக் கிடைச்சிருக்குமா?

இப்ப க்விஸ். கடைசிப் பரீட்சையில ஒரு கேள்வி: "கீழ்க்கண்டவர்களில் ஜனநாயக ஆட்சியை ஆதரித்தவர் யார்? லாக், மான்டெஸ்க்யூ, வால்டேர், மேற்கண்ட அனைவரும்." ஏழு வாரம் மேடம் சொன்னதைக் கவனமா கேட்ட நான் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு, இருக்கறதுல பரவாயில்லன்னு லாக்னு போட்டேன். தப்பாம். மேற்கண்ட அனைவரும்தான் சரியாம். ஹெல்ப் டெஸ்குக்கு மூணாவது வாரத்து ரெண்டாவது லெக்சரையும் நாலாவது வாரத்து மூணாவது லெக்சரையும் நிமிஷக் கணக்கோட குறிப்பிட்டு மெயில் போட்டேன், "உங்கள் ஆர்வத்திற்கு நன்றி, விடைகள் மாற்றப்படமாட்டாது"ன்னு பதில். ஜனங்க கேள்வி கேக்கலாம், ஆனா கீழ்ப்படியணும்னு கான்ட் ஃப்ரெடரிக் ராஜாவைப் பத்திச் சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

வாங்கலாமான்னு கேட்டா, தள்ளுபடி வரும்போது வாங்குங்க. ரெண்டு, மூணு, ஆறு இந்த மூணு வாரத்தையும் நிதானமா பாருங்க, நாலுல கலாஸ் மட்டும், ஏழாவது வாரத்தைச் சமையல் பண்ணிக்கிட்டே கேட்டாப் போதும். க்விஸ் பக்கமே போகாதீங்க, சர்டிபிகேட் வேணும்னா மட்டும் மனசாட்சியைக் கழட்டி வச்சுட்டு "மேற்கண்ட அனைவரும்" அடிச்சுக்கிட்டே போங்க. நான் ரூசோ வாரத்தை இன்னொரு தடவை பாக்க ஆரம்பிச்சுட்டேன், இந்தத் தடவை சப்டைட்டிலை ஆஃப் பண்ணிட்டு, தளபதிக்கு ஆத்ம சாந்தி.